தெக்கு பிரான்ஸ்ல லாங்டொக் பக்கம் திராட்சத் தோட்டம் பாக்க அப்பாவ கூட்டிட்டுப் போணும், எங்க போகலாம்?

குலசேகரம்_ரப்பர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் துலூஸ்ல வேல பாக்கேன், ஊரு குலசேகரம் பக்கம். வாற செப்டம்பர்ல அப்பாவும் அம்மாவும் மொத தடவையா இங்க வாறாங்க. அப்பாக்கு ஒண்ணர ஏக்கர் ரப்பர், கொஞ்சம் தென்ன, வாழ, மரச்சீனி. பாரிஸ் போவோமாண்ணு கேட்டா அது கெடக்கட்டும், நீ ஃபோட்டோ அனுப்பினியே அந்த திராட்ச விளை, அதக் காட்டுண்ணு சொல்லுதாரு. அவரு குடிக்க மாட்டாரு, கிறிஸ்மஸுக்கு அம்மா பரணியில போடுத வைன் ஒரு சின்ன கிளாஸ், அவ்வளவுதான். அதனால டேஸ்டிங் டூர் வேண்டாம். மண்ணு, செடி, வேல செய்யுத ஆளு, இதத்தான் அவருக்கு பாக்கணும். எனக்கு கார் கெடையாது, ட்ரெயின்லதான் போணும், ரெண்டு நாளு.

இன்னொண்ணு, ஃபோட்டோவப் பாத்திட்டு அவரு கேட்ட ரெண்டு கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நம்ம தேனி பக்கம் கம்பம் ஊர்ல பந்தல் போட்டு ஏத்துதாங்க, இங்க பந்தலும் இல்ல கம்பியும் இல்ல, ஏன் முழங்கால் ஒயரத்துல வெட்டி விட்டிருக்கு? அப்புறம் நார்போன் தாண்டி போகும்போ கொடிய வேரோட பிடுங்கி குவிச்சிருந்தத பாத்தேன், காய்க்கிற கொடிய ஏன் பிடுங்குதாங்க?

மார்த்தாண்டம்_மோன்பெலியே:
தம்பி, மொத கேள்விக்கு நான் சொல்லுதேன், இங்க வந்து ஒம்பது வருஷமாச்சு. நீ பாத்தது கோப்லே முறை, கரிஞான், கிரனாஷ்ங்கிற திராட்ச வகையில பழைய கொடியெல்லாம் அப்பிடித்தான் நிக்கும், தனியா நிக்கிற குத்துச்செடி மாதிரி. பந்தல் போட்டா அதுக்கு தண்ணி வேணும், இங்க கோடையில மழைங்கிறதே அபூர்வம், அதனால செடிய சின்னதா வச்சு வேர ஆழத்துக்கு அனுப்புதாங்க. காத்தும் ஒரு காரணம். அப்பாட்ட ஆரல்வாய்மொழி கணவாய்ண்ணு சொன்னா உடனே புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை இடுக்கு வழியா ஆடிமாசம் காத்து எப்பிடி ஆளத் தள்ளும், அதே மாதிரி இங்க பெரெனே மலைக்கும் நடு பிரான்ஸ் மலைக்கும் இடையில பிதுங்கி வாற காத்துதான் த்ரமொந்தான். முப்பந்தல்ல காத்தாடி நிக்குத மாதிரி இங்கயும் கடலோரம் பூரா நிக்கும், பிரான்ஸ்ல கரண்ட் லைனுக்கு மொத காத்தாடிய 1991-ல போர்-லா-நுவேல்லதான் வச்சாங்க. அந்தக் காத்து கொடிக்கு நல்லதும் செய்யும், எலையில ஈரம் நிக்க விடாது, பூஞ்சை கொறவு. ஒயரமான கொடிண்ணா அதே காத்து தளிர ஒடிச்சுப் போட்டுரும். இப்ப புதுசா வைக்கிறவங்க மெஷின் ஓடணும்ணு கம்பியில ஏத்துதாங்க, அதுவும் நெறய பாக்கலாம்.

கம்பம் மாதிரி வருஷத்துல ரெண்டு மூணு வெள்ளாமையும் கெடையாது. குளிர் காலத்துல கொடி தூங்கும், பழம் ஒரே தடவ.

முட்டம்_பய:
எனக்க ஓட்டு கடலோரத்து பன்யுல்ஸ் ஊருக்கு. கொலியூர், போர்-வாந்த்ர், பன்யுல்ஸ் மூணும் ட்ரெயின் லைன்லயே இருக்கு, பெர்பின்யான் வழியா போணும். நார்போன் தாண்டினதும் ரெண்டு பக்கமும் காயல், நம்ம மணக்குடி மாதிரி, அம்மாவ சன்னல் பக்கம் இருத்துங்க.

படிக்கிற காலத்துல ரெண்டு வருஷம் அங்க வாந்தாஞ்ச் வேலைக்குப் போயிருக்கேன், பழம் அறுக்குறத அப்பிடித்தான் சொல்லுவாங்க. மலை நேரா கடல்ல எறங்குது, கல்லு பூரா கருப்பும் சாம்பலுமா தட்டு தட்டா ஒடையுத கல்லு, அதுல சுண்ணாம்பு சிமெண்ட் ஒண்ணும் இல்லாம சும்மா அடுக்கி கையாலயே கட்டின திண்டு. திண்டுக்கு திண்டு குறுக்கால மழத்தண்ணி ஓட கல்லு வாய்க்கா, கோழிக்கால் மாதிரி பிரிஞ்சு எறங்கும், அத அவங்க பேச்சுல கோழிக்கால்ணே சொல்லுவாங்க. மெஷின் ஏறாது, எல்லாம் கத்தரிக்கோலும் முதுகும்தான். மொத வருஷம் மூணாவது நாளு எனக்கு குனிஞ்சா நிமிர முடியல. ரப்பர்ல பால்வெட்டுத ஆளுக்குத்தான் அந்த வேலையோட அரும தெரியும், அப்பா கண்டிப்பா நின்னு பாப்பாரு.

அம்மாக்கும் ஒண்ணு சொல்லணும். நாம வைன் போடும்போ சீனி அள்ளிப் போடுவோம்லா, இங்க வெயிலே பழத்துல வேண்டிய இனிப்ப வச்சிரும், சீனி போடக்கூடாதுண்ணு சட்டமே இருக்கு. பன்யுல்ஸ் வைன் இனிப்பா இருக்கக் காரணம் வேற. பழச்சாறு நுரைச்சு வரும்போ ஈஸ்ட் சீனியத் தின்னு முடிக்கிறதுக்கு முன்னாடியே திராட்சையில வடிச்ச ஸ்பிரிட்ட ஊத்திருவாங்க, ஈஸ்ட் செத்துரும், மிச்ச இனிப்பு அப்பிடியே நிக்கும். 13-ம் நூற்றாண்டுல மோன்பெலியேல பாடம் சொல்லிக் கொடுத்த அர்னோ த வில்நவ்ங்கிற வைத்தியர்தான் இத கண்டுபிடிச்சாருண்ணு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. அதே திண்டு, அதே கிரனாஷ், ஸ்பிரிட் ஊத்தாம இனிப்பில்லாம செஞ்சா அதுக்குப் பேரு கொலியூர்.

ஆனா செப்டம்பர் மொத வாரமே போங்க. அங்க அறுப்பு ஆகஸ்ட்லயே தொடங்கிரும்.

நாரோயில்_சுபா:
அண்ணே, பன்யுல்ஸ் அழகுதான், ஆனா அப்பா கேட்ட ரெண்டாவது கேள்விக்குப் பதில் அங்க கெடையாது. ஒரு நாளாவது நார்போன்ல எறங்கி மினெர்வுவா பக்கமோ கோர்பியேர் பக்கமோ போங்க. அந்தக் கத நம்ம ரப்பர் கததான்.

ஒரு காலத்துல பிரான்ஸ்ல தொழிலாளிங்க தெனம் குடிச்ச சீப்பான செவப்பு வைன் பெரும்பாலும் இங்கேருந்துதான் போச்சு. வெல தரத்துக்கு இல்ல, லிட்டருக்கு. 1900-க்குப் பொறவு வெல விழுந்துச்சு, அதுல சீனியும் தண்ணியும் கலந்த போலி வைன் வேற. 1907 மார்ச்ல ஆர்ஜெலியேங்கிற சின்ன ஊர்லேருந்து மார்ஸெலின் ஆல்பேர்ங்கிற வெள்ளாமக்காரரு கூட 87 பேரு நார்போனுக்கு நடந்தாங்க. ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியேல அஞ்சு லட்சத்துக்கு மேல கூடினாங்க, பத்து பதினஞ்சு நாளுல நார்போன்ல பட்டாளம் சுட்டு ஆளு செத்துச்சு, அதக் கேட்டு 17-ஆம் ரெஜிமென்ட் சுட மாட்டோம்ணு கலகம் பண்ணிச்சு, அந்தப் பயலுகளும் இதே வெள்ளாமக்காரங்க பிள்ளைங்கதான். அந்த மாசக் கடைசியிலயே போலி வைனுக்கு எதிரா சட்டம் வந்துச்சு. அந்தப் பக்கம் ஊருக்கு ஊரு நிக்கிற பெரிய கோ-ஆப்பரேட்டிவ் கட்டடமும் அந்தக் காலத்துக் கஷ்டத்துல பெறந்ததுதான், மரோசான்ங்கிற ஊர்ல 1901-லயே தொடங்கிட்டாங்க.

இப்ப மறுபடியும் அதே எடம். ஜனங்க செவப்பு வைன் குடிக்கிறது கொறஞ்சுகிட்டே போவுது, 2022-க்குப் பொறவு பெர்பின்யான் பக்கம் வறட்சி, அதனால 2024-ல அரசாங்கம் ஹெக்டேருக்கு 4,000 யூரோ தந்து பிடுங்கச் சொல்லிச்சு. ஹெக்டேர்ண்ணா நம்ம கணக்குல 247 செண்டு. நீங்க பாத்த குவியல் அதாத்தான் இருக்கும். எனக்கு இதுல வருத்தமே உண்டு, ஏன்னா 2025 ஆகஸ்ட்ல கோர்பியேர்ல தீப்பிடிச்சு 16,000 ஹெக்டேர் எரிஞ்சப்ப, கொடி இருந்த எடத்துல தீ நின்னுச்சு, பிடுங்கி காடு வளர விட்ட எடத்துல ஓடிச்சுண்ணு அங்கத்த ஆளுங்களே சொன்னாங்க. அம்பது அறுவது வருஷத்துக் கொடிய பிடுங்கினா திருப்பி வைக்க ஒரு ஆயுசு வேணும்.

குலசேகரம்_ரப்பர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ஃபோன்ல எல்லாத்தையும் அப்பாக்கு வாசிச்சேன். 1907 வந்ததும் ஒண்ணும் பேசல, பொறவு ரப்பர் வெல விழுந்தப்ப பக்கத்து விளையில மரம் முறிச்சு வித்தத சொன்னாரு. சுபா தங்கச்சி, நீ சொன்னதுதான் மொத நாளு, பன்யுல்ஸ் ரெண்டாவது நாளு. அப்பாக்கு இன்னொரு சந்தேகம், அந்தக் கொடி ஒட்டா, சொந்த வேராண்ணு கேக்காரு.

நாரோயில்_சுபா:
நல்ல கேள்வி அண்ணே, பெரும்பாலும் ஒட்டுதான்! 1860-கள்ல ஃபிலொக்ஸெராங்கிற பூச்சி அமெரிக்காலேருந்து வந்து வேர உறிஞ்சி தோட்டம் தோட்டமா கொன்னுச்சு. மோன்பெலியேக்காரரு ப்ளான்ஷோன் 1868-ல செத்த வேர தோண்டாம உயிரோட நின்ன கொடி வேர தோண்டிப் பாத்து பூச்சியப் பிடிச்சாரு, செத்ததுல பூச்சி வேற எடத்துக்குப் போயிருக்கும். அமெரிக்கக் கொடி வேரு அந்தப் பூச்சியத் தாங்கும், அதனால கீழ அமெரிக்க வேரு, மேல பிரெஞ்சு கொடி, நாம மாவுல ஒட்டு கட்டுத மாதிரி. மண்ணுக்கு மேல தண்டுல முண்டு மாதிரி இருக்கும், அப்பாவ குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் நம்ம கம்பம் பன்னீர் திராட்ச மஸ்கட் ஹாம்பர்க் வகை, அதோட தாய் தகப்பன்ல ஒண்ணு அலெக்சாந்திரியா மஸ்கட், அது பெர்பின்யான் பக்கம் ரிவ்சால்த்ல இன்னும் நிக்குது. ஒரு பழம் வாயில போட்டுப் பாக்கச் சொல்லுங்க, வடசேரி சந்தை வாசம் வரும்.

மார்த்தாண்டம்_மோன்பெலியே:
தம்பி, ஒண்ணு மறந்திராத. அறுப்பு நேரத்துல கோ-ஆப்பரேட்டிவ்ல விடிய முன்னாடியிருந்தே ட்ராக்டர் வரிசை நிக்கும், முன்னாடியே ஃபோன் பண்ணி அப்பா வெள்ளாமக்காரருண்ணு சொல்லு. மதியம் ரெண்டு மணி நேரம் பூட்டிருவாங்க. தொப்பியும் குடிவெள்ளமும் எடுத்துக்கோ.