ராத்திரி கடை மூடிவிட்டுத் தனியாக வருகிறேன், மறைத்து வைத்துக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கி? (டெக்சாஸ்)

பங்க்_பாலா:

வணக்கம். ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் மச்சானும் நானும் கேஸ் ஸ்டேஷனும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறோம். ராத்திரி 11 மணிக்கு மூடுவது பெரும்பாலும் நான்தான். போன மாதம் எங்கள் ரோட்டிலேயே இன்னொரு கடைக்காரரை, மூடும் நேரம் பார்த்து பார்க்கிங்கில் வைத்து அடித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல்.

எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவி இன்னும் எச்-1பி. ஆறு வயதில் ஒரு பையன் இருக்கிறான்.

அப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஆனால் நான் சுட்டதெல்லாம் காலேஜில் என்.சி.சி. கேம்பில் .22 ரைபிள்தான், அதுவும் குப்புறப் படுத்துக்கொண்டு. கைத்துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது.

இங்கே ஒரு கடைக்குப் போனேன். விற்பவர் பேன்ட் பாக்கெட்டில் போடுகிற மாதிரி ஒரு குட்டி 380 (அது தோட்டா அளவு) எடுத்து நீட்டி, புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதுதான் சரி என்றார். மச்சான் 45 வாங்கு என்கிறார். கூட்டாளி ஒருத்தர் ரிவால்வரில்தான் தோட்டா சிக்காது என்கிறார். எதை வாங்குவது? உள்ளே தோட்டா ஏற்றிய துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க பயமாகவும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டல்லாஸ்_மாப்ள:

உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. 45 வாங்குங்கள், ஒரு அடி பட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான். 1911 மாடல் பாருங்கள், நூறு வருடத்துக்கு மேல் பேர் சொல்கிற துப்பாக்கி.

சாத்தூரான்:

பாலா தம்பி, சான் அன்டோனியோவில் சனி ஞாயிறு ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சேஃப்டி ஆபீசராக நிற்கிறேன். கையில் புதுத் துப்பாக்கியோடு வருகிற நம் ஊர்க்காரர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குட்டி 380. கடைக்காரர்கள் இதை எடுத்து நீட்டுவதற்குக் காரணம், கையில் வாங்கியதும் யாருக்கும் பிடித்துப்போகும் என்பதுதான். ரூகர் எல்.சி.பி. மாதிரி ஒன்று கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே. பாக்கெட்டில் கிடப்பதே தெரியாது. ஆனால் சுட்டுப் பாருங்கள். பிடியில் இரண்டு விரல்தான் உட்காரும், சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கும். எடை இல்லாததால் உதை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். பார்வைக் குறி ஒரு புள்ளி அளவுக்குத்தான் இருக்கும். ஒரு மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) காலி செய்ததும் "போதும் சார்" என்று கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். சின்னத் துப்பாக்கி கைதேர்ந்தவர்களுக்கு உரியது. புதியவர் கையில் கொடுத்தால் அவர் பழகவே மாட்டார், பழகாத துப்பாக்கி இடுப்பில் இருந்து என்ன பயன்?

ரிவால்வரும் அதே கதைதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற ஐந்து ரவுண்டு குட்டி ரிவால்வர் சிக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நீளமான, கனமான ட்ரிகரைக் கடைசி வரை இழுக்க வேண்டும். இழுக்கும்போதே குழல் முனை ஆடிவிடும். ஏழு கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் ஐந்தையும் போட, புதிதாகப் பிடிப்பவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாப்ளைக்கு ஒரு வார்த்தை. 45 நல்ல தோட்டாதான், சண்டை இல்லை. ஆனால் ஒரு அடியில் எழுந்திருக்க மாட்டான் என்பதெல்லாம் சினிமா. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அதன் பிறகு 9 எம்.எம். போதாது என்று சொல்லி 10 எம்.எம். போனார்கள், அதன் உதை தாங்காமல் 40-க்கு வந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து அதே எஃப்.பி.ஐ. மறுபடி 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட்டது. இப்போதைய ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரிகிற) தோட்டாக்களில் பெரிய வித்தியாசம் இல்லை, 9-இல் ஆட்கள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள், மேகசினில் கூடுதல் ரவுண்டு பிடிக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பழகுவதற்கான தோட்டா விலையும் 9-இல்தான் குறைவு. (வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவு. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் .32-ஓடுதான் காலம் தள்ளுகிறார்கள்.)

ஆக, நடு அளவில் ஒரு 9 எம்.எம். பாருங்கள். க்ளாக் 19 என்றால் 15 ரவுண்டு, காலியாக ஏறக்குறைய 670 கிராம். சுட சுகம், ஆனால் ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வெயிலில் ஒரு டி-ஷர்ட்டுக்குள் மறைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும். உடம்பு ஒல்லி என்றால் க்ளாக் 43எக்ஸ் அல்லது சிக் பி365. இரண்டும் 10 ரவுண்டு, தட்டையாக உட்காரும். 2018-இல் பி365 வந்த பிறகுதான் இந்த அளவில் இத்தனை ரவுண்டு சாதாரணமானது. இதில் எது என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக்குத் துப்பாக்கி தருகிற ரேஞ்சுக்குப் போய் மூன்றையும் ஒரே நாளில் சுட்டுப் பாருங்கள், உங்கள் கை சொல்லிவிடும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், தனியாக வருகிற புது ஆளுக்குப் பல ரேஞ்சுகளில் வாடகைக்குத் தர மாட்டார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஆனால் தற்கொலைப் பயம்தான்.

தோட்டா ஏற்றி நடக்கும் பயம் நியாயமானது. நல்ல நிலையில் இருக்கும் துப்பாக்கி பொதுவாகத் தானாக வெடிக்காது, ட்ரிகரில் ஏதாவது போய் மாட்டினால் வெடிக்கும். சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு, அவசரத்தில் விரல். அதனால் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ட்ரிகரை முழுசாக மூடுகிற, அந்த மாடலுக்கென்றே வார்த்த கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறை வேண்டாம். இடுப்பில் கெட்டியான பெல்ட் வேண்டும், சாதாரண ஆபீஸ் பெல்ட் தொங்கிவிடும். முதல் சில வாரம் வீட்டில் காலித் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் போட்டுக்கொண்டு நடங்கள், குனியுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். ட்ரிகர் அழுந்தவில்லை என்று கண்ணால் பார்த்தபின் பயம் தானாகப் போகும். ஒன்று மட்டும்: திரும்பச் செருகும்போது அவசரமே வேண்டாம், எங்கே செருகுகிறோம் என்று பார்த்துச் செருகுங்கள். விபத்து நடக்கும் இடம் அதுதான்.

சட்டம். 2021 செப்டம்பர் 1-இலிருந்து டெக்சாஸில் 21 வயது நிரம்பி, வேறு தடை இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். இருந்தாலும் எல்.டி.சி. (துப்பாக்கி எடுத்துப்போகும் லைசென்ஸ்) எடுத்துவிடுங்கள். வகுப்பில் எங்கே சுடலாம், எங்கே கூடாது என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள், 3, 7, 15 கஜத்தில் 50 ரவுண்டு சுடவும் வைப்பார்கள். மற்ற பல மாநிலங்களிலும் அது செல்லும். 30.06 பலகை (லைசென்ஸ் இருந்தாலும் மறைத்துக் கொண்டுவரக் கூடாது என்பது), மது பாரில் சிவப்பு 51 பலகை (துப்பாக்கியே கூடாது என்பது), இவற்றைக் கண்ணில் பழக்கிக்கொள்ளுங்கள். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனாலும் சரி, மாலுக்குப் போனாலும் சரி, வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இப்போது உங்கள் வீட்டு விஷயம், இதுதான் எனக்குக் கவலை. உங்கள் மனைவி எச்-1பி. மத்திய சட்டப்படி அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. நம் ஐ.டி. பையன்கள் வார இறுதியில் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியோடு படம் எடுத்துப் போடுகிறார்களே, செல்லுபடியாகும் ஹன்ட்டிங் லைசென்ஸ் இல்லாமல் அதைக் கையில் பிடித்தாலே குற்றம்தான். யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆகவே வீட்டில் பூட்டிய பெட்டியில் வையுங்கள், எண் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அவரும் "வைத்திருப்பதாக" வாதிட இடம் உண்டு. ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். உங்களுக்கும்தான்: கிரீன் கார்டில் இருக்கும்போது துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடு கடத்தலாம். மச்சான் காசில் மச்சானுக்காக உங்கள் பெயரில் வாங்கி 4473 என்கிற துப்பாக்கி வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற வேலையும் வேண்டாம், அது தனிக் குற்றம்.

பையன் ஆறு வயது. டெக்சாஸில் அஜாக்கிரதையாக வைத்த தோட்டா ஏற்றிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்குப் போனாலே வைத்தவர் மேல் குற்றம். அலமாரி மேல்தட்டு பூட்டு ஆகாது. விரல்ரேகைப் பெட்டிகளை நான் நம்புவதில்லை, பட்டனை வரிசையாக அமுக்குகிற மெக்கானிக்கல் பூட்டுதான் என் வீட்டில்.

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

சாத்தூரான் அண்ணன் ஆம்பளைங்க கணக்கில் எழுதியிருக்கிறார், நான் கொஞ்சம் சேர்க்கிறேன். ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பகுதி) இழுக்க முடியவில்லை என்று நிறையப் பெண்கள் ரிவால்வருக்குப் போகிறார்கள். பெரும்பாலும் அது பலம் இல்லாததால் அல்ல, செய்கிற விதத்தால். ஸ்லைடைக் கிள்ளி இழுக்காதீர்கள். இடது உள்ளங்கையால் மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். அதுவும் முடியாத கை என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி இருக்கிறது, ஸ்லைடு லேசாக வரும். என்னுடையது அதன் 380. ஆக 380 எல்லாமே மோசம் இல்லை, குட்டி 380-தான் மோசம்.

சுடிதாரில் மறைப்பது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். பெல்ட் கிடையாது, டாப்ஸ் முழங்கால் வரை. ட்ரிகரை மூடும் கெட்டியான உள்ளுறையுள்ள பெல்லி பேண்டு (வயிற்றைச் சுற்றிய எலாஸ்டிக் பட்டை) கட்டி, இடது கையால் டாப்ஸை நெஞ்சு வரை தூக்கிவிட்டு எடுப்பதைக் காலித் துப்பாக்கியில் பழகினேன். ஹேண்ட்பேக்கில் மட்டும் வைக்காதீர்கள். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஹெய்டன் என்ற ஊர் வால்மார்ட்டில், அம்மாவின் ஹேண்ட்பேக்கில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்து, அம்மாவே செத்துப்போனார். நன்றாகத் துப்பாக்கி பழகியவர் அவர். நான் வேலைக்குக் கொண்டுபோவதில்லை, ஆஸ்பத்திரியில் அனுமதி கிடையாது.

முன்னாள்_மோட்டல்காரன்:

எல்லோரும் எந்தத் துப்பாக்கி என்றே பேசுகிறீர்கள். ராத்திரி 11 மணிக்குப் பணப்பையைத் தூக்கிக்கொண்டு ஏன் வெளியே வர வேண்டும்? கடைக்குள் டிராப் சேஃப் (துளை வழியாகப் பணத்தைப் போடுகிற பெட்டகம்) வையுங்கள், நாள் முழுக்கப் பணத்தை அதில் போட்டுக்கொண்டே இருங்கள், "எங்களிடம் சாவி இல்லை" என்று கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். பகலில் நேரம் மாற்றி மாற்றி பேங்க்குக்குப் போங்கள். மூடும்போது இரண்டு பேராக மூடுங்கள். பார்க்கிங்கில் நல்ல வெளிச்சம் போடுங்கள். இருபது வருடம் மோட்டல் நடத்தினேன், கல்லாவில் இருப்பதைக் கேட்டவனிடம் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். இன்னொன்று, இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

சாத்தூரான்:

மோட்டல் அண்ணாச்சி சொல்வதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். டிராப் சேஃப் முதலில், துப்பாக்கி அப்புறம். பணத்துக்காக யாரையும் சுடாதீர்கள் பாலா. அவன் பையைக் கேட்டால் பையை வீசிவிட்டு எதிர்ப்பக்கம் நடங்கள். உயிருக்கே ஆபத்து, வேறு வழியே இல்லை என்ற ஒரு நிலைக்குத்தான் இடுப்பில் இருப்பது. சட்டத்தில் சொத்தைக் காப்பதற்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று இங்கே சிலர் வாதிடுவார்கள். குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்கிற கிராண்ட் ஜூரி முன்னால் நிற்கப்போவது அவர்கள் இல்லை.

பங்க்_பாலா:

எல்லோருக்கும் நன்றி. மனைவியின் விசா பற்றி யாருமே சொன்னதில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. டிராப் சேஃபுக்கு இன்றைக்கே விலை விசாரித்தேன், மச்சானும் ஒத்துக்கொண்டார். வக்கீலைப் பார்த்துவிட்டு அதன் பிறகுதான் ரேஞ்சுக்குப் போவேன். ஒரு சந்தேகம்: பழகுவதற்கும் இடுப்பில் வைப்பதற்கும் ஒரே தோட்டா போதுமா? வீட்டில் வைத்திருக்கும்போது சுவரைத் துளைத்துப் பையன் ரூமுக்குப் போய்விடுமோ என்றும் யோசிக்கிறேன்.

சாத்தூரான்:

இரண்டு வேண்டும். பழக மலிவான, முழு உலோக உறை போட்ட எஃப்.எம்.ஜே., இடுப்புக்கு ஹாலோ பாயின்ட். ஃபெடரல் எச்.எஸ்.டி. அல்லது ஸ்பியர் கோல்டு டாட், இரண்டில் எது கிடைத்தாலும் சரி. ஆனால் வாங்கிய ஹாலோ பாயின்டையும் கொஞ்சம் சுட்டுப் பாருங்கள், சில துப்பாக்கிகளில் சில தோட்டா சிக்கும்.

சுவர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். நம் ஊர் செங்கல் சுவர் இல்லை இது, வெறும் ஷீட்ராக், அதாவது ஜிப்சம் அட்டை. எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும், ஹாலோ பாயின்ட் உட்பட, துளைத்துக்கொண்டு போகும். அதனால் பையன் எந்த அறையில் படுக்கிறான், உங்கள் கட்டிலில் இருந்து எந்தத் திசையில் சுட முடியாது என்று இப்போதே பகலில் நின்று பார்த்து முடிவு செய்துவிடுங்கள். தேவைப்பட்டால் அவன் கட்டிலை வேறு சுவர்ப் பக்கம் மாற்றிப் போடுங்கள். ரேஞ்சுக்குப் போகும்போது காதுக்கு மஃப் மட்டும் போதாது, உள்ளே பஞ்சு பிளக்கும் வையுங்கள், உள்ளரங்கு ரேஞ்ச் என்றால் சத்தம் மண்டையைப் பிளக்கும்.