முதல் நாள், கடைசி நாள் மதிப்பெண் போதுமா?

கோத்தகிரி_செல்வி:
கோத்தகிரி பக்கம் கவுன்சலிங் செய்கிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் தேயிலை பறிக்கும் பெண்கள். என்னிடம் வந்து போவதால் அவர்களுக்கு உண்மையிலேயே தேறுகிறதா என்று தெரிந்தாக வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளைக் கேட்டு வித்தியாசத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண் (ஏற ஏறச் சோர்வு அதிகம்), காசில்லை, தமிழிலும் இருக்கிறது. இப்படித் தொடங்கலாமா?

ஊட்டி_புள்ளியியல்:
வேண்டாம் அக்கா. மனசு ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் ஒருவர் உங்களைத் தேடி வருகிறார், சும்மா விட்டாலும் அடுத்த மாதம் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியிருக்கும். சிகிச்சை இல்லாமலே மூன்றில் இரண்டு பேர் இரண்டு வருடத்தில் தேறிவிடுகிறார்கள் என்று உளவியலாளர் ஐசென்க் 1952ல் எழுதியதும் இதை வைத்துத்தான். 1977ல் ஸ்மித், கிளாஸ் என்ற ஆய்வாளர்கள் உளவியல் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்று காட்டினார்கள், ஆனால் அவர்கள் சேர்த்துப் பார்த்த 375 ஆய்வுகளும் ஒப்பீட்டுக் குழு, அதாவது அந்தச் சிகிச்சை பெறாத இன்னொரு குழு, வைத்துச் செய்தவை.

கூடலூர்_ஆலோசகர்:
தம்பி, அரை நாள் கூலியை விட்டு ரெண்டு பஸ் மாறி வருகிற பெண்ணிடம் "நீங்க ஒப்பீட்டுக் குழு, போயிட்டு வாங்க" என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஊட்டி_புள்ளியியல்:
யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தேவையில்லை சார். கோவா ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்துச் செய்து 2017ல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவுக்கும் வழக்கமான கவனிப்பை மேம்படுத்தியே கொடுத்தார்கள். ஆலோசனை சொன்னவர்களும் உளவியல் படித்தவர்கள் இல்லை.

குன்னூர்_வாசுகி:
கோவாவில் ஒரு குழுவே இருந்தது, செல்வி ஒற்றை ஆள். முதலில் கைக்கு எட்டுவதைப் பேசுவோம். "கடைசி நாள்" என்று ஒன்று வரும் என்பதே தப்பு, நான் செய்தபோது பாதிப் பேர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள், இருந்து முடித்தவர்களின் மதிப்பெண் அழகாக இறங்கியிருந்தது, அதை நம்பி எழுதியும் விட்டேன், நின்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள், அந்தக் கேள்விகளே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவைதானே. அப்புறம், சோர்வு பற்றிய கேள்வி இருக்கிறதே, இலை அதிகம் வரும் மாதத்தில் யார்தான் சோர்வில்லை என்பார்கள்? ஜனவரிப் பனியில் இலை கருகி வேலை குறைந்தால் அந்த மதிப்பெண் தானாக இறங்கும், இன்னொரு பக்கம் கூலிக் கவலை ஏறும். அந்த வாரம் எத்தனை நாள் வேலை என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

கூடலூர்_ஆலோசகர்:
வாசிக்கத் தெரியாதவருக்குச் செல்வியே கேள்வியைப் படித்துக் காட்டினால், செல்வி மனம் நோகக் கூடாதே என்று "இப்போ பரவாயில்லைங்க" என்பார்கள். வேறொருவர் கேட்கட்டும். ஆனால் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது, அதற்குப் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும், தாளை ஃபைலில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கோத்தகிரி_செல்வி:
பதிவேடு எழுதும் அக்காவைக் கேட்கச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லி. என்னிடம் இப்போதே மூன்று வாரக் காத்திருப்பு உண்டு. பெயர் கொடுக்கிற அன்று ஒருமுறை, உள்ளே வருகிற அன்று ஒருமுறை கேட்டால், நான் ஒன்றும் செய்யாத அந்த மூன்று வாரத்தில் எவ்வளவு மாறுகிறது என்று தெரியுமே?

ஊட்டி_புள்ளியியல்:
தெரியும். அதைச் செய்யுங்கள் அக்கா, நல்ல தொடக்கம். "என் ஆலோசனையால் தேறினார்கள்" என்ற வரியை மட்டும் அப்போதும் எழுத விடமாட்டேன்.