தெருப்படத்தில் நீலகிரி வீடு என்று ஒன்று தெரிகிறதா?

வரைபடப்பித்தன்:
பிறந்தது எல்லநள்ளி, வேலை கோவையில். ஒரு வாரமாக ராத்திரி சாப்பிட்டதும் கணினியில் நம் மாவட்டத்துச் சாலைகளைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வண்டியில் கேமரா கட்டி எடுத்தவை, ஊர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களும் கைபேசியில் எடுத்து ஏற்றிய சுற்றுப்படங்கள், கிடைத்ததை எல்லாம் பார்த்தேன். 2011-இல் பெங்களூரில் தெருக்களைப் படம் பிடித்த கூகுள் வண்டியைப் போலீஸ் நிறுத்தியது. 2022 ஜூலையில்தான் உள்நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து 10 நகரங்களில் தெருக்காட்சி திரும்பி வந்தது. அன்றிலிருந்து மலைப் படங்களுக்காகக் காத்திருந்தவன் நான். அதனால்தான் ஏமாற்றமும் பெரிது.

பெயர்ப்பலகையையும் பின்னால் தெரியும் மலையையும் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். அருவங்காடு, கோத்தகிரி கடைவீதி, கூடலூர் பஸ் நிலையத்துப் பக்கம், எங்கே போனாலும் அதே கான்கிரீட் பெட்டி. முன்பக்கத் தூணில் ஒட்டிய டைல்ஸ், எவர்சில்வர் கைப்பிடி, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இது ஊட்டியா திருப்பூரா என்று கேட்டால் எனக்கே பதில் வராது. ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் 1820-களில் கட்டிய கல் பங்களா இன்றும் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு முகம் உண்டு. கண்ணாடி வராண்டா, புகைபோக்கி, கூரை விளிம்பில் செதுக்கிய மரப்பட்டி வைத்த பழைய வீடுகளுக்கும் முகம் உண்டு. இப்போது கட்டுகிற எதற்கும் இல்லை.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். நீலகிரி வீடு என்பது முடிந்துபோய்விட்டது. மீதியையாவது காப்பாற்ற, இனி கட்டும் எல்லா வீட்டுக்கும் சரிவுக் கூரை கட்டாயம் என்று விதி வேண்டும்.

ஹட்டிப்பொண்ணு:
அண்ணா, நீங்கள் சுற்றியது சாலையை. ஊருக்குள் நீங்கள் வரவே இல்லை.

நாங்கள் படகர், ஊரை ஹட்டி என்போம். எங்கள் ஹட்டி கோத்தகிரிப் பக்கம். படகர் ஊர் எதையும் சாலையைப் பார்த்துக் கட்டவில்லை. வீடுகள் ஒரே வரிசையாக, பக்கத்து வீட்டோடு சுவர் சேர்ந்து, முன்னால் இருக்கும் பொது முற்றத்தைப் பார்த்து நிற்கும். அந்த வரிசையைக் கேரி என்போம். தார்ச்சாலை பின்னால் வந்தது, பெரும்பாலும் ஊரின் முதுகுப் பக்கமாக. அதில் போகும் கேமராவுக்குக் கழிவுநீர்க் குழாயும், விறகு அடுக்கும், வெந்நீர் பாய்லரின் தகரப் புகைக்குழாயும்தான் தெரியும். ஒருவர் முதுகைப் பார்த்து, இவருக்கு முகமே இல்லை என்று சொல்வீர்களா?

எங்கள் வரிசையில் 14 வீடு. 9 வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டியாயிற்று, எங்கள் வீடும் அதில் ஒன்று. ஆனால் பழைய அஸ்திவாரக் கோட்டை விட்டு ஒரு சாண்கூட யாரும் முன்னால் வரவில்லை. வர முடியாது, சுவர் இரண்டு பேருக்கும் சொந்தம். அகலம் தாத்தா காலத்து அகலம்தான், உயரம் மட்டும் ஏறியிருக்கிறது. முற்றத்தில் 14 வீட்டுக்காரரில் ஒருவர்கூடக் காம்பவுண்ட் சுவர் எழுப்பவில்லை. விதை உருளைக்கிழங்கு காய்வது அங்கேதான், கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். என் பாட்டியைக் கடைசியாகக் கிடத்தியதும் அங்கேதான். டைல்ஸ் ஒட்டிய தூணுக்கு நடுவே இத்தனையும் நடக்கிறது.

வரைபடப்பித்தன்:
முற்றம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், தங்கச்சி. இத்தனை ஊர் பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. ஆனாலும் வீட்டின் முன்பக்கம் ஊருக்கே பொது. ரயிலில் போகிறவர் கேத்திப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும்போது கண்ணில் படுவது சுவரும் கூரையும்தான். கூரை என்றதும் நான் ஓட்டுக் கூரையைத்தான் நினைக்கிறேன். நம் மலைக்கு அதுதானே மரபு?

குன்னூர்மேஸ்திரி:
தம்பி, 30 வருஷமாக வீடு கட்டுகிறேன். ஓடு நம் மரபு என்று சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

அந்தச் சீமை ஓடு மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் அங்கே தொழிற்சாலை வைத்தார்கள். ரயில் குன்னூருக்கு ஏறியது 1899-இல். கனமான சரக்கு மேலே வருவது அப்புறம்தான் சுலபமாயிற்று. அதற்கு முன்னால் இந்த மலையில் பெரும்பாலும் புல் கூரைதான். ஓடும் ஒரு காலத்தில் புதுசாக வந்து இறங்கியதுதான். நெளி தகரமும் அப்படித்தான்.

மொட்டை மாடித் தளம் இந்த மலைக்கு ஒத்துவரவில்லை என்பது உண்மை. அதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் சொந்த வீட்டுக்கே தளம் போட்டேன். கீழ்நாட்டு வழக்கப்படி தண்ணீர் வடியக் கொஞ்சம் வாட்டம் விட்டேன். அங்கே அது போதும். வெயில் இரண்டு நாள் அடித்தால் மிச்சத் தண்ணீர் காய்ந்துவிடும். இங்கே பனியும் மேகமும் மாறி மாறி இறங்கும்போது எங்கே காயும்? முதல் வருஷம் பாசி, இரண்டாம் வருஷம் மூலையில் ஓதம். மூன்றாம் வருஷம் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். என் மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை. கடைசியில் தளத்துக்கு மேலே இரும்புச் சட்டம் நிறுத்தித் தகர ஷீட் போட்டேன். ஓதம் நின்றது. துணி காய இடம் கிடைத்தது, விறகு நனையாமல் அடுக்க முடிந்தது.

இன்று குன்னூரிலிருந்து கூடலூர் வரை பாருங்கள், பாதி வீட்டுக்கு மேலே இந்த ஷீட் இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை. எந்த ஆர்க்கிடெக்டும் சொல்லவில்லை, எந்த விதியும் சொல்லவில்லை. மழை சொன்னது. நீங்கள் தேடுகிற நீலகிரிக் கூரை அதுதான். நேற்று வந்ததாக இருப்பதால் உங்கள் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. கூரையை விட்டுவிட்டு, சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்தும் தாங்கு சுவரைப் பாருங்கள். கருங்கல்லில் அடுக்கி, இடையிடையே தண்ணீர் வடியக் குழாய் விட்டிருப்போம். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்த நாட்கள் உங்களுக்கே நினைவிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. கொட்டியது. வீட்டுக்கு ஆகும் செலவில் எவ்வளவு அந்தச் சுவருக்கு அடியில் போகிறது என்று கட்டியவனுக்குத்தான் தெரியும். நீண்ட காலமாக இங்கே 7 மீட்டர் உயர வரம்பு இருக்கிறது. அதனால் சரிவில் வீடு கீழ்நோக்கி இறங்கும். சாலையிலிருந்து ஒற்றை மாடி. பள்ளத்துப் பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு, மூன்று. சில வீட்டில் மொட்டை மாடிதான் கார் நிறுத்துமிடம், வாசல் அங்கிருந்து கீழே. திருப்பூரில் இதைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தேவாலாமழை:
பங்களா, ஹட்டி இரண்டையும் பேசிவிட்டீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டை ஒருவரும் சொல்லவில்லை. எண்ணிக்கையில் அதுவும் இந்த மலையின் வீடுதான்.

இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. ஒரு தோட்டத்து லைனில்தான் வளர்ந்தேன். ஒரே நீளக் கூரை, அதன் கீழ் 10 வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. நடுச்சுவர் கூரை வரை போகாது. மூன்றாவது வீட்டில் குழந்தை அழுதால் எங்கள் வீட்டில் தூக்கம் போகும். நாலாவது வீட்டுக்காரர் இருமினால் அது எந்த நாள் இருமல் என்று அம்மா சொல்லிவிடுவார். தெருப்படத்தில் அந்த லைன் அழகாகத்தான் இருக்கும். சரிவுக் கூரை, வெள்ளைச் சுவர், சுற்றிலும் தேயிலை. நீங்கள் கேட்கிற விதியை அது நூற்றுக்கு நூறு நிறைவேற்றுகிறது, தோழர்.

2016-இல் நாங்கள் 3 சென்டில் சொந்தமாக ஒரு வீடு கட்டினோம். நீங்கள் பெட்டி என்றீர்களே, அதேதான். பெயிண்ட் கடையில் வண்ண அட்டையை அம்மா கையில் கொடுத்தோம். அரை மணி நேரம் வைத்திருந்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, திருப்பிப் பார்த்து, கடைக்காரரிடம் வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கடைசியில் ரோஸ். அறுபது வயதில் தான் இருக்கும் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்தது அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்த ரோஸ் சுவர் சாலையிலிருந்து நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து முடிந்துபோய்விட்டது என்று யாராவது எழுதினால் எனக்கு வலிக்கிறது.

கொடைமேல்மலை:
பழனி மலையிலிருந்து. நான் பித்தன் அண்ணன் பக்கம், ஆனால் பாதி.

கொடைக்கானலில் 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் இரண்டு வீடு கட்டினார்கள், ஊர் அங்கிருந்துதான் வளர்ந்தது. பழைய வீடுகள் என்றால் கல் சுவர், மேலே தகரம். இன்று அந்தச் சாலைகளில் படம் பார்த்தால் கண்ணை மறைப்பது வீடுகள் இல்லை, தங்கும் விடுதிகள். சரிவு முழுக்கக் கண்ணாடியும் கான்கிரீட்டும். விதி வேண்டுமென்றால் அவற்றுக்குப் போடுங்கள். குடியிருக்கிறவனை விட்டுவிடுங்கள்.

பூம்பாறைக்கு வரும் சாலை ஊருக்கு மேலே இருக்கிறது. அங்கே நின்றால் ஊர் முழுக்க ஒரே பார்வையில் விழும், வெறும் கூரையாக. எல்லோரும் எடுக்கும் படமும் அதுதான். கீழே இறங்கிச் சந்துக்குள் எடுத்த படம் எனக்கு ஒன்றிரண்டுதான் கிடைத்தது. மலையில் தெருப்படம் என்பது பெரும்பாலும் கூரைப்படம்தான்.

ஹட்டிப்பொண்ணு:
மேல்மலை அண்ணன் சொன்னதைப் படித்ததும் தோடர்களின் ஊர்களான மந்துகள் நினைவுக்கு வந்தன. ஊட்டிப் பக்கம் யாராவது சுற்றுப்படம் ஏற்றினால், மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த அந்தப் பழைய வீடும் முத்தநாடு மந்தின் கூம்புக் கோயிலும் கட்டாயம் இருக்கும். குனிந்து, தவழ்ந்து நுழையும் வாசலுக்குத் தனியாக ஒரு படம். பத்தடி தள்ளி அந்தக் குடும்பங்கள் இருக்கும் சாதாரண வீடுகள் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். பழைய வடிவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். தெய்வத்துக்கு அது, தங்களுக்கு இது. அந்த முடிவைச் சாலையில் நிற்கிற நாம் எடுக்கக் கூடாது. சரிவுக் கூரை விதியை நான் எதிர்ப்பதும் இதனால்தான்.

வரைபடப்பித்தன்:
நேற்று ராத்திரி மேஸ்திரி சொன்னதை மனதில் வைத்து மறுபடியும் எல்லா இடமும் போனேன். வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரி. சுவரைப் பார்க்காமல் மேலே ஷீட்டையும் கீழே தாங்கு சுவரையும் மட்டும் பார்த்தேன். 20 படத்தைக் கோவை, திருப்பூர்ப் படங்களோடு கலந்து என் மனைவியைக் காட்டச் சொன்னேன். 17 படத்தை மலை என்று சரியாகச் சொல்லிவிட்டேன். தப்பிய மூன்றும் கடைவீதி.

வீடுகளுக்கு விதி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தேவாலா தோழர், உங்கள் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். விடுதிகளுக்கு விதி வேண்டும் என்று மேல்மலைக்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அந்தச் செதுக்கிய மரப்பட்டிகள் ஒவ்வொன்றாக விறகாவதும் எனக்கு இழப்புதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குன்னூர்மேஸ்திரி:
அந்தப் பட்டியை இழைக்கத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார். கூலி அதிகம் என்று யாரும் கூப்பிடுவதில்லை. நீங்கள் எல்லநள்ளியில் கட்டும்போது சொல்லுங்கள், கூட்டி வருகிறேன். ஆனால் மேலே ஷீட் போட்டே ஆகவேண்டும், அதில் பேச்சே இல்லை.

வரைபடப்பித்தன்:
சரி அண்ணா. ஹட்டித் தங்கச்சி, ஒரு வேண்டுகோள். உங்கள் முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுப்படம் எடுத்து ஏற்ற முடியுமா? வரைபடத்தில் உங்கள் ஊர் இப்போது முதுகு மட்டும்தான்.

ஹட்டிப்பொண்ணு:
ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வீட்டுக்குப் போவேன். அன்றைக்கு எல்லோரும் வெள்ளை உடுத்தி முற்றத்தில்தான் இருப்பார்கள். ஆனால் அது 14 வீட்டுக்கும் வாசல் அண்ணா, நான் ஒருத்தி தீர்மானிக்க முடியாது. ஊர்ப் பெரியவரைக் கேட்கிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், நீங்கள் ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.