அடாப்டிவ் க்ரூஸ், ஸ்பீட் லிமிட்டர்: நிஜமா யூஸ் பண்றவங்க அனுபவத்தை சொல்லுங்க

திருச்சி ரோடு

புதுசா கார் எடுக்கிற எல்லாரும் இப்போ ஏடாஸ் (டிரைவருக்கு உதவி பண்ற சிஸ்டம்) இருக்கான்னுதான் முதல்ல கேக்குறாங்க, எடுத்தப்புறம் பார்த்தா பாதி பேர் பயந்துபோய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க, மீதி பேர் சீட்ல சம்மணம் போட்டு உக்காந்து ரீல்ஸ் போடுறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒழுங்கா யூஸ் பண்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் அடிக்கடி போறது சென்னை டு திருச்சி. பரனூர் டோல் தாண்டுற வரைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் (நாம செட் பண்ற வேகத்துல போய், முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி தானா குறைச்சு ஏத்திக்கிறது) பட்டனை தொடவே மாட்டேன், அந்த ட்ராஃபிக்ல அது சரிப்படாது. திண்டிவனம் தாண்டி ரோடு கொஞ்சம் ஃப்ரீ ஆனதும் 95ல செட் பண்ணிட்டு போவேன். போன தடவை உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டிராவல்ஸ் வேன் பின்னாடி போயிட்டிருக்கேன், நைட்டு, கார் அழகா கேப் விட்டு ஃபாலோ பண்ணுது. ரோட்டோரமா ஒரு வேப்பங்கிளை கிடந்துச்சு, ஹெட்லைட்ல பச்சை இலை பளிச்சுனு தெரிஞ்சுது. நம்மூர்ல ஓட்டுறவங்களுக்கு தெரியும், ரோட்ல பச்சைக் கிளை கிடந்தா கொஞ்ச தூரத்துல ஒரு லாரி பஞ்சராகி நிக்குதுன்னு அர்த்தம். கால் தானா பிரேக்குக்கு போயிடுச்சு. அடுத்த நொடியே வேன்காரர் சடார்னு லெஃப்ட்ல ஒடிச்சாரு, பார்த்தா ஸ்பீட் ட்ராக்லயே டெயில் லைட் கூட இல்லாம ஒரு லாரி, பின்னாடி நாலு கல்லு. இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, வேன் விலகின அந்த செகண்ட்ல என் டேஷ்போர்டுல இருந்த கார் படம் மறைஞ்சுபோச்சு. அதாவது "முன்னாடி யாரும் இல்ல, ரோடு காலி"ன்னு கார் முடிவு பண்ணிடுச்சு. நான் பிரேக்கை அழுத்தலன்னா அது 95க்கு ஏத்த ஆரம்பிச்சிருக்கும்.

இது ரிப்பேர் கிடையாது. முன்னாடி பம்பர்லயோ க்ரில்லுக்கு பின்னாடியோ இருக்கிற ரேடார், நம்ம தலைக்கு மேல மாட்டியிருக்கிற ஊர் பேர் போர்டு, மீடியன் கம்பி, பாலத்து சுவர், எல்லாத்துல இருந்தும் சிக்னல் திரும்பி வாங்கும். அசையாம இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பிரேக் போட்டா காரை ஓட்டவே முடியாது, அதனால ஸ்பீடா போகும்போது நிக்கிற பொருளை பெருசா கண்டுக்காத மாதிரிதான் பல கார்ல செட் பண்ணியிருப்பாங்க. கண்ணாடியில இருக்கிற கேமரா கொஞ்சம் உதவி பண்ணும், ஆனா கேரன்ட்டி இல்ல. காரோட வர்ற மேனுவலை எடுத்துப் பாருங்க, நின்னுட்டிருக்கிற வண்டியை கண்டுபிடிக்காம போகலாம்னு அவங்களே எழுதியிருப்பாங்க. ஓடிட்டிருந்த வண்டி ஸ்லோ ஆகி நின்னா நம்ம காரும் கூடவே நிக்கும். ஏற்கனவே நிக்கிற வண்டின்னா அதை நம்பாதீங்க. நம்ம ஹைவேல நிக்கிறதுக்கா பஞ்சம், பிரேக் டவுன் லாரி, போலீஸ் பேரிகேட், டோல்ல கடைசியா நிக்கிற கார், மீடியன் கேப்ல யூ டர்ன் போட மூக்கை நீட்டிட்டு நிக்கிற ட்ராக்டர்.

சேலத்துக்காரன்

அருமையா சொன்னீங்க அண்ணா. என் பங்குக்கு தொப்பூர் கணவாய்.

தர்மபுரில இருந்து சேலம் வர்ற பக்கம் முழுக்க இறக்கம், லோடு லாரி பிரேக் பிடிக்காம எத்தனை ஆக்சிடன்ட் நடந்திருக்குன்னு இந்தப் பக்கம் இருக்கிறவங்கள கேளுங்க. அங்க ஒரு தடவை ஃப்ரண்டு கார்ல போயிட்டிருந்தோம், அவன் "லிமிட்டர்ல 60 வச்சிருக்கேன்டா, தாண்டாது"ன்னு கூலா உக்காந்திருந்தான். மீட்டர் 64, 68, 71ன்னு ஏறுது, காரு டிங் டிங்னு கத்துது, அவ்ளோதான். பல கார்ல லிமிட்டர்ங்கிறது ஆக்ஸிலரேட்டரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிரேக் போடாது. இறக்கம் தள்ளுனா தள்ளுனதுதான். உங்க கார்ல பிரேக் போடுமா போடாதான்னு ஒரு சின்ன இறக்கத்துல பார்த்து வச்சுக்கங்க.

சரி அடாப்டிவ் க்ரூஸ் போடலாமேன்னா, அது பிரேக் போடும், ஆனா கணவாய் முழுக்க பிரேக்லயே இறக்கினா டிஸ்க் சூடாகும். முன்னாடி லோடு லாரி லோ கியர்ல 25, 30ல ஊர்ந்துட்டிருப்பான், நாம வளைவுல திரும்பும்போது ரேடார் பார்வையில இருந்து அவன் போயிடுவான், காரு சட்டுனு வேகம் எடுக்கும், வளைஞ்சதும் மறுபடி அவனை பார்த்து டக்குனு பிரேக் போடும். பின்னாடி உக்காந்திருக்கிறவங்க வாந்தி எடுக்காத குறை. கணவாய்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கியரை இறக்கிட்டு ஓட்டுறதுதான். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோட்ல ரெண்டோ மூணோ, இஞ்சினே பிடிச்சு இழுக்கும்.

மஞ்சள் போர்டு

நான் டாக்ஸி ஓட்றேன். நீங்க எல்லாம் லிமிட்டர் நீங்களா ஆசைப்பட்டு போடுறீங்க, எங்களுக்கு 80ல கவர்னர் (அதுக்கு மேல போக விடாத கருவி) மாட்டியே தர்றாங்க, அது ரூல். ஸ்கூல் பஸ், டேங்கர், டிப்பருக்கு எல்லாம் 60. அதனால லிமிட்டரோட வாழ்றது எப்படின்னு எங்கள கேட்டா கரெக்டா சொல்லுவோம்.

முதல் விஷயம் ஓவர்டேக். முன்னாடி ஒரு கன்டெய்னர் 75ல போறான்னு வைங்க. நான் 80. வித்தியாசம் அஞ்சே கிலோமீட்டர். அவனை முழுசா தாண்டி சேஃபா உள்ள வர ஒரு அறுபது மீட்டராச்சும் கூடுதலா போகணும், கணக்கு போட்டா நாப்பது செகண்டுக்கு மேல ஆகுது, அதுக்குள்ள வண்டி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஓடிடும். ஒரு கிலோமீட்டர் ராங் சைடுல எவன் போவான்? நாலு வழில ஓகே, பின்னாடி வர்றவன் லைட் அடிச்சு அடிச்சு திட்டுவான், திட்டிட்டு போகட்டும். டூ வே ரோட்ல 80 கவர்னரோட 70ல போற வண்டியை தாண்டவே நினைக்கக்கூடாது. உங்க சொந்த கார்ல லிமிட்டர்னா ஆக்ஸிலரேட்டரை முழுசா கீழ மிதிச்சா அது விட்டுக்கொடுத்துடும், ஒரு க்ளிக் மாதிரி காலுக்கு தெரியும். அதை அவசரத்துக்கு ஒரு தடவை காலி ரோட்ல மிதிச்சுப் பார்த்து பழகிக்கங்க சார். எங்க கவர்னர்ல அது கிடையாது.

இன்னொண்ணு, ஏர்போர்ட் ட்ரிப்ல கஸ்டமர் "ஃப்ளைட்டுக்கு லேட் ஆகுது, கொஞ்சம் அழுத்துங்க"ன்னுவாரு. ஸ்டியரிங்கை காட்டி "சார் இதுக்கு மேல போகாது சார்"னு சொல்லிட்டா பேச்சே இல்ல. அந்த நிம்மதி சொந்த கார்க்காரங்களுக்கு கிடைக்காது.

ஓஎம்ஆர் அக்கா

மஞ்சள் போர்டு அண்ணா கணக்கு சூப்பர், என் வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன்.

என் கார்ல ஸ்டாப் அண்ட் கோ இருக்கு, அதாவது முன்னாடி வண்டி நின்னா நிக்கும், ரெண்டு மூணு செகண்டுக்குள்ள கிளம்பினா தானா கிளம்பும், லேட் ஆச்சுன்னா நாம பட்டன் தட்டணும் இல்ல ஆக்ஸிலரேட்டரை தொடணும். ஓஎம்ஆர் ட்ராஃபிக்குக்கு சொர்க்கம்னு நினைச்சுதான் வாங்கினது. நிஜத்துல என்ன ஆகுதுன்னா, மினிமம் கேப்ல வச்சாலும் அந்த இடைவெளி நம்மூருக்கு ஒரு பெரிய மைதானம். ஒரு ஆட்டோ உள்ள வருவாரு, கார் பிரேக் போடும், அந்த கேப்ல ஒரு குட்டி யானை வரும், மறுபடி பிரேக், பின்னாடி இருக்கிறவர் ஹாரன்லயே கையை வச்சிருப்பாரு. இப்படியே போனா சோழிங்கநல்லூர்ல கிளம்பினவ சோழிங்கநல்லூர்லயே இருப்பேன் போல.

கடுப்பு கூட பரவாயில்ல. பயம் டூ வீலர்தான். லேனோட ஓரமா போற பைக்கை கார் லேட்டாதான் பார்க்குது, ஒல்லியா இருக்கிறதால ரேடார்ல சின்னதா தெரியும். ஒருநாள் நானும் முன்னாடி இருந்த பஸ்ஸும் நின்னுட்டிருக்கோம், நடுவுல ஒரு தயிர் விக்கிற அண்ணன் சைக்கிளை குறுக்கால தள்ளிட்டு போறாரு, கேரியர்ல ரெண்டு பக்கமும் கேன் தொங்குது. பஸ் கிளம்பிடுச்சு. டிஸ்ப்ளேல பஸ் படம் மட்டும்தான் இருக்கு, சைக்கிள் இல்ல. என் கால் பிரேக் மேலயே இருந்துச்சு, அதனால கார் அசையல. அன்னிக்கு எடுத்த முடிவு, ஆளுங்க நடந்து க்ராஸ் பண்ற எந்த ரோட்லயும் ஸ்டாப் அண்ட் கோ கிடையாது.

அதுக்கு பதிலா லிமிட்டர் போட ஆரம்பிச்சேன். சிட்டிக்குள்ள 50. யாருமே இதைப் பத்தி பேச மாட்டேங்குறாங்க, ஆனா எனக்கு க்ரூஸை விட இதுதான் பிடிச்சிருக்கு. கால் நம்ம கால்தான், பிரேக் நம்ம பிரேக்தான், மறந்துபோய் அழுத்திடுறது மட்டும் நடக்காது. ஸ்கூல் இருக்கிற தெருவுல 30.

லண்டன் வாழ் மதுரை

வணக்கம் மக்களே. இங்க எம்25 மோட்டார்வேல மேல பாலத்துல சிவப்பு வட்டத்துல 60, 50, 40ன்னு (இங்க எல்லாம் மைல் கணக்கு) மாறிட்டே இருக்கும், அந்த நம்பருக்கு கேமராவும் உண்டு, மீறினா வீட்டுக்கு லெட்டர். ரோட் வொர்க்னா ஆவரேஜ் ஸ்பீட் கேமரா, ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பார்த்து பிடிக்கிறது, கேமராகிட்ட மட்டும் ஸ்லோ பண்ற நம்ம ஊர் டெக்னிக் எல்லாம் செல்லாது. அதனால இங்க லிமிட்டர் யூஸ் பண்றது ரொம்ப சாதாரணம்.

ஐரோப்பிய யூனியன்ல 2024 ஜூலைல இருந்து விக்கிற எல்லா புது கார்லயும் ஐஎஸ்ஏன்னு ஒண்ணு கட்டாயம், போர்டைப் படிச்சு, மேப்பைப் பார்த்து லிமிட் தாண்டினா கத்தும். பிரிட்டன்ல கட்டாயம் இல்ல, ஆனா அதே கார்தானே இங்கயும் வருது. பிரச்சனை என்னன்னா அது போர்டை தப்பா படிக்கும். மோட்டார்வேல 70ல போயிட்டிருப்போம், பக்கத்துல பிரிஞ்சு போற ஸ்லிப் ரோட்டோட 40 போர்டைப் பார்த்துட்டு நமக்குன்னு நினைச்சுக்கும். சும்மா கத்தினா பரவாயில்ல. சில கார்ல க்ரூஸையும் போர்டு படிக்கிறதையும் சேர்த்து வச்சிருப்பாங்க, அப்போ கார் தானா ஸ்பீடை குறைக்கும், பின்னாடி 44 டன் லாரி வந்துட்டிருக்கும். நான் அந்த லிங்க்கை செட்டிங்ஸ்ல போய் எடுத்துட்டேன், ஸ்பீடை நானே விரலால மாத்திக்கிறேன்.

இன்னொரு அனுபவம், ஸ்லிப் ரோடு. 70ல செட் பண்ணி ஒரு லாரி பின்னாடி 56ல போயிட்டிருப்பீங்க, உங்க எக்ஸிட் வருது, லெஃப்ட்ல ஒதுங்குறீங்க. லாரி நேரா போயிடும், கார் "ஆஹா ரோடு காலி"ன்னு 70க்கு ஏறும், எதிர்ல ரவுண்டானா. எக்ஸிட் போர்டு தெரிஞ்சதுமே கேன்சல் பட்டன் தட்டிடணும்.

பெங்களூர் பாய்

மைசூர் எக்ஸ்பிரஸ்வே மட்டும் விதிவிலக்கு பாஸ். 2023 ஆகஸ்ட்ல இருந்து பைக், ஆட்டோ, ட்ராக்டருக்கு மெயின் ரோட்ல அனுமதி இல்ல, லிமிட் 100, கேமரா இருக்கு. அடாப்டிவ் க்ரூஸ் நம்ம நாட்ல எப்படி வேலை செய்யணுமோ அப்படி அங்கதான் செய்யுது. ஆனா மழை பெஞ்சா அங்கயும் ஆஃப் பண்ணிடுவேன், தண்ணி தேங்கின இடத்துல டயர் மிதந்தா காலை எடுக்கணும், க்ரூஸ் அந்த நேரத்துல ஸ்பீடை விடாம பிடிச்சுட்டிருக்கும்.

திருச்சி ரோடு

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல. சேலத்து தம்பி சொன்ன வளைவு மேட்டர் எனக்கும் பெரம்பலூர் தாண்டி நடந்திருக்கு.

என் செட்டிங் கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் பண்ணாங்க. கேப் எப்பவும் மேக்ஸிமம். 100ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போறோம், அதனால யாராச்சும் நடுவுல பூந்தா பூந்துட்டு போகட்டும், ஊருக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா போனா குடி முழுகிப்போயிடாது. கால் எப்பவும் பிரேக் பக்கம், தரையில ஊனி வைக்கிறது கிடையாது. ரெஸ்யூம் பட்டனை கண்ணை மூடிட்டு தட்ட மாட்டேன், ஏன்னா டோல் தாண்டி 30ல வரும்போது அது பழைய 95ஐ ஞாபகம் வச்சிருக்கும், முன்னாடி ஆள் இல்லன்னா பாய்ஞ்சிடும், அதனால முதல்ல ஆக்ஸிலரேட்டர்ல ஏத்திட்டு புதுசா செட் பண்றது. அப்புறம் வீட்ல வேற யாராச்சும் ஓட்டுறாங்கன்னா க்ரூஸ் ஆன்ல இருக்கா லிமிட்டர் ஆன்ல இருக்கான்னு சொல்லிட்டு சாவியை குடுங்க, பல கார்ல ஒரே பட்டன்தான் ரெண்டுக்கும், டேஷ்போர்டுல வர்ற படமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். லிமிட்டர்னு நினைச்சு காலை எடுத்தா ஸ்லோ ஆகும்னு காத்திருப்பாங்க, அது க்ரூஸா இருந்தா போயிட்டே இருக்கும்.

ஓஎம்ஆர் அக்கா சொன்ன லிமிட்டர் ஐடியாவை இந்த வாரம் ஊருக்குள்ள ட்ரை பண்றேன். யோசிச்சுப் பார்த்தா நம்ம ரோட்டுக்கு அதுதான் செட் ஆகும்னு எனக்கும் தோணுது, டிவைடர் இல்லாத ஸ்டேட் ஹைவேல எதிர்ல ஓவர்டேக் பண்ணி வர்ற பஸ்ஸை அடாப்டிவ் க்ரூஸ் ஒண்ணும் பண்ணாது, அங்க நம்ம கால் வேலை செஞ்சாகணும்.

புது ஓனர் 24

அண்ணா ஒரு டவுட். பம்பர் முன்னாடி கம்பி கார்டு மாட்டலாமா? கடைக்காரர் ஒண்ணும் ஆகாதுன்றாரு.

திருச்சி ரோடு

வேணாம் தம்பி. ரேடாருக்கு முன்னாடி இரும்பு வந்தா ஒண்ணு எரர் காட்டி ஆஃப் ஆகிடும், இல்ல தப்பா அளக்கும். அந்த கார்டே 2017ல இருந்து தடை, ஃபைனும் போடுவாங்க. ஃபேன்ஸி நம்பர் ப்ளேட் ஃப்ரேமும் ரேடார் எங்க இருக்குன்னு பார்த்துட்டு மாட்டு. சேத்து ரோட்ல போயிட்டு வந்தா அந்த இடத்தை ஒரு துணியால துடை. முன் கண்ணாடி எப்பவாச்சும் மாத்தினா கேமராவை கேலிப்ரேட் பண்ணாம வண்டியை எடுக்காத, பில்லுல அது தனியா இருக்கான்னு கேளு.