நசுங்கிய பாட்டிலுக்குக் காசு உண்டா, இல்லையா?

ரைன்கரை: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நேற்று இங்கே ஒருவர் புத்திமதி சொல்லியிருக்கிறார்: "பிளாஸ்டிக் பாட்டில் நசுங்கினால் ஃபான்ட் காசு போச்சு, அதுதான் சட்டம்." ஃபான்ட் என்றால் பாட்டிலுக்கு முன்பணமாகக் கட்டி, காலிப் பாட்டிலைக் கடையில் கொடுத்துத் திரும்ப வாங்குகிற காசு. எந்தச் சட்டம் ஐயா? போன சனிக்கிழமை பின்னால் பத்துப் பேர் முறைத்துக்கொண்டு நிற்க, கடையில் காலிப் பாட்டில் வாங்குகிற எந்திரம் துப்பிய நசுங்கிய பாட்டிலை வாயால் ஊதி உப்ப வைத்து மறுபடி விட்டேன். மூன்றாவது தடவை விழுங்கியது. அப்படியே விழுங்காவிட்டாலும், ஃபான்ட் குறி தெரிந்தால் கடைக்காரர் கையால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒற்றைப்பனை: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கல்லாவில் இருந்த அம்மா என்னிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அப்புறம், குப்பைப் பாட்டிலை வாயில் வைத்து ஊதினீர்களா?

ரைன்கரை: என் வீட்டுப் பாட்டில்தான். அந்த அம்மா சொன்னால் சட்டம் ஆகிவிடுமா?

சுக்குக்காப்பி: முதலில் எந்தப் பாட்டில் என்று சொல்லுங்கள். ஒரே தடவை பயன்படுத்துவது 25 சென்ட். திரும்ப நிரப்புகிற பாட்டில் பெரும்பாலும் 8 அல்லது 15. இரண்டுக்கும் விதி வேறு.

ரைன்கரை: கண்ணாடியை யாராவது நசுக்குவார்களா?

சுக்குக்காப்பி: திரும்ப நிரப்புகிற பிளாஸ்டிக்கும் இருக்கிறதே.

ஒற்றைப்பனை: எந்திரம் எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ரைன்கரை: எந்திரம் எடுக்காதது வேறு, காசு கிடையாது என்பது வேறு. எத்தனை தடவை சொல்வது? 2003இல் இந்த ஏற்பாடு வந்தபோதே இங்கே இருந்தவன் நான். இந்தக் கடைப் பாட்டிலை அந்தக் கடை வாங்காது, 2006 வரை அந்தக் கூத்துதான். இப்போது 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை என்றால், தான் விற்கிற அதே வகைப் பொருளில் செய்த பாட்டிலை எங்கே வாங்கியிருந்தாலும் எடுக்க வேண்டும். நசுங்கியதையும் சேர்த்து!

நிலவறை: ஆரம்பித்துவிட்டார், 2003 புராணம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமையில் தெருவில் இருக்கிற கண்ணாடிக் குப்பைத் தொட்டிக்குப் போகலாம் என்று சொன்னதும் இதே ரைன்கரைதானே? நம்பிப் போனேன். இரண்டாவது பாட்டில் உள்ளே விழுந்து சிதறிய சத்தத்துக்கே மேல்மாடி ஜன்னல் திறந்தது. ஒரு தாத்தா "ஸோன்டாக்! ஸோன்டாக்!" (ஞாயிற்றுக்கிழமை!) என்று கத்தினார். மிச்சப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

ரைன்கரை: சத்தம் வராமல் போடலாம் என்று சொன்னேன்.

நிலவறை: கண்ணாடியைச் சத்தம் வராமல் எப்படிப் போடுவது? மெத்தை விரித்தா?

ரைன்கரை: அது வேறு திரி. இங்கே நசுங்கிய பாட்டிலைப் பற்றிப் பேசுவோம்.

சுக்குக்காப்பி: எந்தப் பாட்டில் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஒற்றைப்பனை: 25 சென்டுக்கு இவ்வளவு வீராப்பா? பத்து வருஷமாக இருக்கிறேன், ஒரு நசுங்கிய பாட்டிலுக்கும் காசு வாங்கியதில்லை.

ரைன்கரை: கேட்டால்தானே கிடைக்கும்? மேலாளரைக் கூப்பிட ஜெர்மன் வராது என்றால் அதைச் சொல்லுங்கள்.

ஒற்றைப்பனை: என் ஜெர்மனை இழுக்காதீர்கள். திங்கட்கிழமை ஒன்றை நசுக்கி, அதே அம்மாவிடம் கொண்டுபோகிறேன். முடியாது என்பார், பாருங்கள்.

ரைன்கரை: குறி கிழியாமல் நசுக்குங்கள்.