ஒரே பெயரில் இரண்டு ஃபைல்: நாலு கிளவுடுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ் போதுமா?

பெரம்பூர்பைட்:
தரமணிடெவ் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஃபிளட்டரில் ஒரே இன்டர்ஃபேஸ் எழுதி கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், எஸ்3 நாலையும் நாலே நாளில் இணைத்தேன், எல்லாமே ஃபோல்டரும் ஃபைலும்தானே" என்கிறார். ஃபிளட்டர் என்பது ஒரே கோடில் போனுக்கும் கணினிக்கும் ஆப் எழுதும் கருவி, இன்டர்ஃபேஸ் என்று அவர் சொல்வது நாலு கிளவுடோடும் ஒரே மாதிரி பேசும் கோட் அடுக்கு. இல்லை சார். கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கலாம். அங்கே ஃபைலின் அடையாளம் ஐடிதான், பெயர் மேலே ஒட்டிய சீட்டு. டிராப்பாக்ஸ் பாதையைப் பார்க்கும், ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. அமேசானின் எஸ்3-இல் சாதாரண பக்கெட்டில், அதாவது சேமிப்புத் தொட்டியில், ஃபோல்டரே கிடையாது, கீ என்கிற சாய்கோடு போட்ட நீளமான பெயர் மட்டும்தான். இதையெல்லாம் மறைத்து நாலு நாள் என்று எழுதினால், அதை நம்பிப் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் வாடிக்கையாளரிடம் தேதி கொடுத்துவிட்டு முழிக்கிறார்கள்.

தரமணிடெவ்:
நான் எதையும் மறைக்கவில்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபைலை எந்த மனுஷன் வைப்பான்? மூன்று வருடமாக என் ஆப் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ் மூன்றிலும் ஓடுகிறது, ஒரு புகார் வந்ததில்லை. டிராப்பாக்ஸிலும் ஃபைலுக்கு ஐடி உண்டு, அதை நீங்கள்தான் சொல்லாமல் விட்டீர்கள். நாலு நாள் என்றால் நாலு நாள்தான்.

பெரம்பூர்பைட்:
மனுஷன் வைப்பதில்லை, ஆப் வைக்கிறது. வடபழனியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவுக்கு நாங்கள் ஆப் செய்தோம். பெரிய வீடியோ ஒன்று ஏறி முடிகிற நேரத்தில் நெட் போனது. சர்வர் முழுசாக வாங்கிவிட்டது, வாங்கிவிட்டேன் என்ற பதில் மட்டும் போனுக்கு வந்து சேரவில்லை. எங்கள் கோட் தோல்வி என்று நினைத்து மறுபடி ஏற்றியது. ஒரே பெயரில் இரண்டு ஃபைல். எடிட்டர் திருத்தியது ஒன்றில் போய் உட்கார, பெண் வீட்டாருக்கு லிங்க் போனது இன்னொன்றுக்கு. தப்பு எங்கள் கோட்மேல்தான். கூகுள் டிரைவிடம் ஐடியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த ஐடியோடு ஏற்றியிருந்தால், இரண்டாவது முறை 409 என்ற மோதல் பிழை பதிலாக வந்திருக்கும், ஏற்கெனவே ஏறிவிட்டது என்று தெரிந்திருக்கும். உங்கள் பொது இன்டர்ஃபேஸில் இந்த ஐடிக்கு இடம் எங்கே? கிளவுடுகளுக்கு இடையே ஃபைல் நகலெடுக்கும் ஆர்குளோன் கருவியில் டிடியூப் என்று ஒரு கட்டளையே இருக்கிறது, ஒரே பெயரில் கிடப்பதைச் சுத்தம் செய்ய. நடக்காத விஷயத்துக்கு யாராவது கட்டளை எழுதுவார்களா?

குரோம்பேட்டைடெஸ்டர்:
முதலில் 'இணைப்பது' என்றால் இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? வெறுமனே ஏற்றி இறக்குவதா, இரண்டு பக்கமும் ஒத்திசைப்பதா? அதைச் சொல்லாமல் எப்படி நாள் கணக்குப் போடுவது?

தரமணிடெவ்:
மேடம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரே பெயர் வந்தாலும் ஹேஷை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்ணை, ஒப்பிட்டால் தீர்ந்தது.

பெரம்பூர்பைட்:
எந்த ஹேஷ்? கூகுள் டிரைவ் எம்டி5 என்ற வகையைத் தரும். டிராப்பாக்ஸ் ஃபைலை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற வேறு வகை ஹேஷ் போட்டு, அதையெல்லாம் சேர்த்து மறுபடி எஸ்எச்ஏ-256 போடும். ஒன்டிரைவில் குவிக்எக்ஸ்ஓஆர் என்று இன்னொரு வகை. கூகுள் டாக்ஸ் ஆவணத்துக்கு எம்டி5-ஏ கிடையாது. எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? போன வருடமும் இப்படித்தான், ஆப்புக்குள்ளேயே வெப்வியூவில், அதாவது உள்ளேயே திறக்கும் குட்டி பிரவுசரில், கூகுள் லாகின் வைக்கலாம் என்று அடித்துச் சொன்னீர்கள். அதை கூகுள் தடுக்கிறது, சிஸ்டம் பிரவுசரைத் திறப்பது மாதிரி வேறு வழியில்தான் போக வேண்டும் என்று நான் எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மயிலைமேக்:
ஒரே பெயர் என்று பேசுகிறீர்களே, ஒரே பெயரா என்பதே சிக்கல். 'பொங்கல்' என்று ஒரு ஃபைல். அதில் 'ொ' யுனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம். பழைய மேக்கில் ஃபைல்களைச் சேமிக்கும் எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு ஒன்று, எஸ்3-க்கு இரண்டு வேறு கீ. ஏற்றுவதற்கு முன் என்எஃப்சி-க்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றாவிட்டால் என் பாட்டியின் சமையல் குறிப்பு எல்லாம் இரண்டிரண்டாகக் கிடக்கும், கிடந்தது.

தரமணிடெவ்:
ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் அப்படித்தான். ஆங்கிலத்தில் வையுங்கள், பிரச்சினையே இல்லை.

மயிலைமேக்:
என்ன பேச்சு இது? சென்னையில் உட்கார்ந்துகொண்டு, தமிழில் பெயர் வைக்காதே என்று பயனருக்குச் சொல்வீர்களா? எஸ்3 கீ அதிகபட்சம் 1024 பைட், எழுத்தை பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், அதாவது 341 குறியீட்டில் நின்றுவிடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்து எழுதுவதுதான் உங்கள் வேலை. எங்கள் மொழியைக் குறை சொல்வது இல்லை.

தரமணிடெவ்:
மொழியை யார் குறை சொன்னது? நானும் தமிழன்தான். கோட் பற்றிப் பேச வந்தால் மொழிச் சண்டை ஆக்குகிறீர்கள். நான் தரமணியில் பன்னிரண்டு வருடம் ஆப் எழுதுகிறவன், எனக்குப் பாடம் வேண்டாம்.

பெரம்பூர்பைட்:
வருடக் கணக்கு வேண்டாம் சார். நான் நேராகவே கேட்கிறேன். கூகுள் டிரைவில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் எதைத் திறக்கும்? முதலில் வந்ததையா, கடைசியாகத் திருத்தியதையா? ஒரு வரி போதும்.

குரோம்பேட்டைடெஸ்டர்:
நான் கேட்டது அப்படியே நிற்கிறது. ஏற்றி இறக்குவதா, ஒத்திசைப்பதா?

தரமணிடெவ்:
வரவே வராத ஃபைலைப் பற்றி ஏன் பதில் சொல்ல வேண்டும்? நாலு நாளில் முடித்தேன், இன்றும் ஓடுகிறது. அவ்வளவுதான்.

பெரம்பூர்பைட்:
வரும். எங்களுக்கு வந்தது. எதைத் திறக்கும், சொல்லுங்கள்.

மயிலைமேக்:
ஆங்கிலத்தில் வையுங்கள் என்று சொன்னதை இன்னும் அவர் திரும்பப் பெறவில்லை.