திரும்பத் திரும்ப ஓடும் சிறுபடம்: தமிழில் என்ன எழுதுவது?

மயிலாடுதுறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கைபேசியில் எடுத்த வீடியோவிலிருந்து மூன்று விநாடியை வெட்ட வேண்டும், படத்தொகுப்பு மென்பொருளில் திறக்க வேண்டும், திரும்பத் திரும்ப ஓடும் படமாகச் சேமிக்க வேண்டும். பயிற்சி அவ்வளவுதான். குறுவை நடவு சமயம் என்பதால் பிள்ளைகள் நடவு வயலையே எடுத்து வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும்.

லேயருக்கு அடுக்கு, ஃப்ரேமுக்குச் சட்டகம், பேலட்டுக்கு வண்ணத்தட்டு என்று எழுதிவிட்டேன். கடைசியில் கைக்கு வரும் அந்தப் படத்துக்குத்தான் பெயர் அமையவில்லை. 'அசைவூட்டப்பட்ட படம்' என்று எழுதிக் காட்டினேன். "நட்டவங்க ஏற்கெனவே அசைஞ்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க, நாம எங்க அசைவை ஊட்டினோம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது சரி. உங்கள் கருத்து வேண்டும்.

திருவையாற்றிலிருந்து:

அம்மா, உங்கள் மாணவி வேரைப் பிடித்துவிட்டாள். இந்தப் படத்தின் சிறப்பு அசைவு அன்று, மீள்வு. முடிந்த இடமே தொடங்கும் இடமாகிறது. தமிழில் அதற்கு நெடிய மரபு உண்டு. உங்கள் பக்கத்துத் திருக்கடையூரில் அபிராமி பட்டர் பாடிய அந்தாதியைப் பாருங்கள். முதற்பாட்டு 'உதிக்கின்ற' என்று தொடங்கும். நூறாம் பாட்டு 'உதிக்கின்றவே' என்று முடியும். படித்து முடித்தவர் தாமறியாமலே முதற்பாட்டுக்குள் நுழைந்துவிடுவார். இப்படி முடிவு முதலோடு வந்து சேர்வதை மண்டலித்தல் என்பார்கள். ஆகவே மண்டிலப்படம் என்று சொல்லலாம்.

மண்டிலம் வடசொல் அல்லவா என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மண்டுதல் என்றால் வளைதல். மண்டியிடுதல் என்பதிலும் அந்த வேர்தான் இருக்கிறது என்பது என் துணிபு. கால் வளைகிறது அல்லவா? நிலைமண்டில ஆசிரியப்பா, அடிமறிமண்டில ஆசிரியப்பா என்று யாப்பிலும் இச்சொல் ஆட்சியில் இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவிலிருந்து இப்படிச் சின்னச் சின்னத் துண்டு எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. மாப்பிள்ளை வீட்டார் "ஒரு ஜிஃப் போட்டுக் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். மண்டிலப்படம் என்றால் ராசி மண்டலம், மாவட்டம் மண்டலம் என்று எங்கேயோ போய்விடும்.

மயிலாடுதுறை அம்மாவுக்கு ஒரு விஷயம், கையேட்டில் அவசியம் சேருங்கள். ஃபோட்டோஷாப்பில் 'வீடியோ ஃப்ரேம்ஸ் டு லேயர்ஸ்' என்று இறக்குமதிப் பட்டியலில் இருக்கும். விநாடிக்கு 25 சட்டகம் உள்ள வீடியோவில் மூன்று விநாடி எடுத்தால் 75 அடுக்கு வந்து விழும். அத்தனையும் வைத்தால் கோப்பு பெருத்துவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் எடு என்று அந்தப் பெட்டியிலேயே சொல்லலாம். 25 அடுக்குதான் வரும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேரத்தை 0.12 விநாடி என்று கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பழைய 0.04 கணக்கிலேயே ஓட்டினால் வயலில் நடுகிறவர்கள் மூன்று மடங்கு வேகத்தில் குனிந்து நிமிர்வார்கள். வேகமாக ஓட வேண்டும் என்று 0.01 கொடுத்தாலும் பயனில்லை. பல உலாவிகள் அதை மதிக்காமல் 0.1 விநாடிக்கு ஒன்றாகத்தான் காட்டும்.

கிம்ப் என்னும் இலவசப் படத்தொகுப்பு மென்பொருளில் வீடியோவை நேராகத் திறக்க முடியாது. வேறு கருவியில் சட்டகங்களைத் தனித்தனிப் படமாகப் பிரித்து, அவற்றை அடுக்குகளாகத் திறக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் மில்லிவிநாடியை எழுதிவிடலாம். அது எனக்குப் பிடித்த வசதி.

குடந்தையிலிருந்து:

மென்பொருள் தமிழாக்கத்தில் நெடுநாளாக இருக்கிறேன். இங்கே மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கோப்பு வடிவம் ஒன்று, கைக்கு வரும் படம் ஒன்று, செய்கிற வேலை ஒன்று. மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தேடினால் கிடைக்காது.

ஜிஃப் என்பது 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட கோப்பு வடிவம். அசையாத படத்தையும் அதில் சேமிக்கலாம். சட்டகத்துக்குச் சட்டகம் நேரம் குறிக்கும் ஏற்பாடு 1989 பதிப்பில்தான் வந்தது. ஓயாமல் சுழலச் சொல்லும் கட்டளை அந்த விதிமுறையிலேயே கிடையாது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காரர்கள் அதைச் சேர்த்தார்கள். அரட்டைச் செயலிகள் ஜிஃப் என்று சொல்லிக் காட்டுபவற்றில் பல உண்மையில் ஒலி நீக்கிய வீடியோக்கள். ஆகவே ஜிஃப் என்பதை வடிவத்தின் பெயராக மட்டும் வைத்துக்கொள்வோம்.

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். மீள்வை வைத்துப் பெயரிடுவதும் சரிவராது. ஒருமுறை மட்டும் ஓடி நிற்கும்படியும் சேமிக்கலாம். அந்தத் தேர்வு பெட்டியிலேயே இருக்கிறது. நின்றுவிட்டால் அது மண்டிலமா? இன்னொன்று, அடிமறிமண்டிலத்தில் அடிகளை இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. இங்கே சட்டகங்களை மாற்றினால் நட்ட நாற்று கையில் ஏறிக்கொள்ளும்.

அசைபடம் என்று வைக்கலாம். வினைத்தொகை. அசைந்த படம், அசைகிற படம், அசையும் படம் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். ஊறுகாய், சுடுசோறு போல வாயில் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அசைப்படம் என்று எழுதிவிட வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து:

அடிமறிமண்டிலம் பற்றிய திருத்தம் சரியே, ஏற்கிறேன். அந்தாதி மண்டலிப்பதைச் சொன்னதில் மாற்றமில்லை.

ஆனால் 'அசை' என்னும் வேரைச் சற்றே தோண்டிப் பாருங்கள். சங்கப் பாட்டுகளில் 'அசைஇ' என்று வந்தால் தங்கி, இளைப்பாறி என்று பொருள். நடந்து வந்தவன் ஓரிடத்தில் அசைந்தான் என்றால் நின்றுவிட்டான். நீங்கள் சொல்ல வருவதற்கு நேர் எதிர். யாப்பில் அசை என்றால் நேரும் நிரையும். இத்தனைச் சுமையோடு இருக்கும் சொல்லை எதற்குக் கணினிக்குள் இழுக்க வேண்டும்? எளிமை, எளிமை என்று சொல்லியே நம் சொற்களின் வரலாற்றைத் தேய்த்துவிடுகிறோம். மாணவர்களுக்குப் புதிய சொல் கடினம் என்று யார் சொன்னது? ஐந்தாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை என்று படிக்கவில்லையா?

திருவாரூரிலிருந்து:

எங்கள் வீட்டில் தவில், நாகசுரம். மீள்வுதான் பெயர் என்றால் இசையில் நல்ல சொல் இருக்கிறது, வட்டணை. ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை முடிந்து மறுபடி முதல் அடிக்கு வருகிறதே, அந்தச் சுற்றைத் தாள வட்டணை என்பார்கள். எல்லாரும் ஆவர்த்தனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வட்டணைப்படம் என்றால் அதையும் மீட்ட மாதிரி ஆகும்.

சட்டகம் என்ற சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் 108 கரணங்களில், அதாவது நாட்டிய நிலைகளில், 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். மீதிக்குக் கல் வெறுமையாகவே இருக்கிறது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஆடுவது போலவே இருக்கும். நிலை என்று சொன்னால் ஃப்ரேமுக்குப் பொருந்தாதா?

மட்டுறுத்துநர்:

கரணங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

நான் இலக்கணம் பேச வரவில்லை. திருந்திய நெல் சாகுபடி செய்கிற உழவர்களுக்காக ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறேன். கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை வரிசைக்கு நடுவே முன்னும் பின்னும் எப்படித் தள்ளுவது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் விளங்காது. இரண்டு விநாடி ஓடும் ஒரு படம் போட்டால் போதும், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீடியோ என்றால் தொட வேண்டும், முடிந்தால் மறுபடி தொட வேண்டும். சேற்றுக் கையோடு யார் தொடுவது?

எங்கள் குழுவில் 'ஓடுற படம்' என்கிறார்கள். ஓடுபடம் என்று வைத்தால் சினிமா ஓடுவதோடு குழம்பும் என்பது தெரிகிறது. ஆகவே அசைபடம் எனக்குச் சரி. புலவர் ஐயா, 'அசை' என்பதில் நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாடு அசைபோடுகிறதே! விழுங்கியதையே மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்கிறது. இந்தப் படம் செய்வதும் அதேதான். நீங்கள் கேட்ட மீள்வும் அசைக்குள்ளேயே இருக்கிறது.

குடந்தையிலிருந்து:

நான் தேடியும் கிடைக்காத வாதம் இது. நன்றி ஐயா.

மூலத்துண்டைக் கையேட்டில் காணொளி என்று எழுதுங்கள். செய்தித்தாள்களில் காணொலி என்று லகரம் போட்டு எழுதுகிறார்கள். காண்பதும் ஒலிப்பதும் என்று அதற்கு விளக்கமும் தருகிறார்கள். நம் படத்தில் ஒலியே கிடையாது, ஜிஃப் வடிவில் ஒலிக்கு இடமே இல்லை. அங்கே லகரம் வந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

திருவையாற்றிலிருந்து:

காணொலி பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, இப்போது வேண்டாம். அசைபோடுதல் நல்ல கூற்று, மறுக்க மாட்டேன். ஆனால் அது சொல்லைத் தேர்ந்த பின் தேடிப்பிடித்த நியாயம்.

மட்டுறுத்துநர்:

எழுதியவர்களில் இருவர் அசைபடம் என்கிறார்கள். மன்னார்குடி அன்பர் ஜிஃப் போதும் என்கிறார். வட்டணைக்கு அதைச் சொன்னவர் ஒருவரே. மண்டிலப்படம் கருத்து வேறுபாடாகப் பதிவாகிறது. எல்லாருக்கும் களைப்பு தெரிகிறது. மயிலாடுதுறை அம்மா முடிவு செய்துகொள்ளட்டும்.

மயிலாடுதுறையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதுகிறேன்: படத்துக்கு அசைபடம், கோப்பு வடிவத்துக்கு ஜிஃப், 'லூப்' தேர்வுக்கு மட்டும் மண்டிலம். 'ஒருமுறை', 'முடிவின்றி மண்டிலிக்க' என்று இரண்டு தேர்வுகள் வரும். புலவர் ஐயாவின் சொல்லுக்கு அங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். செய்கிற வேலைக்குத் தனிப்பெயர் வைக்கவில்லை, 'காணொளியிலிருந்து அசைபடம் எடுத்தல்' என்றே விட்டுவிட்டேன். மன்னார்குடி அண்ணன் சொன்ன 0.12 கணக்கைக் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

இன்னும் ஒரு சொல் மிச்சம். ஜிஃப்பில் ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள்தான். இளநாற்றின் பச்சையும் மேலே இருக்கும் வானமும் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிகின்றன. இருக்கிற நிறங்களையே புள்ளி புள்ளியாகக் கலந்து தூவி இடைநிறம் போலக் காட்டுவதற்கு 'டிதர்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கு என்ன எழுதலாம்?

திருவையாற்றிலிருந்து:

லூப்புக்கு மண்டிலம் என்றது மகிழ்ச்சி. படத்துக்கு அசைபடம் என்றதை ஒப்பியவர் வரிசையில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

டிதருக்குப் புள்ளி விரவல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்பார். இங்கே இரண்டு நிறங்கள் விரவி, இரண்டுக்கும் பொதுவான ஒரு நிறமாகக் கண்ணுக்குத் தெரிகின்றன.

குடந்தையிலிருந்து:

புள்ளி விரவல் நன்றாக இருக்கிறது, உடனே ஏற்கலாம். ஆனால் பட்டியலில் 'டிதர் செய்' என்று கட்டளையாக வரும் இடத்தில் 'விரவு' என்பதா, 'விரவச் செய்' என்பதா? விரவு தன்வினை அல்லவா?

திருவையாற்றிலிருந்து:

இருவழியும் வரும். இரவு விரிவாக எழுதுகிறேன்.